கோவில்பட்டியைத் தாண்டிவிட்டேன்

2051-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை காலை, தூத்துக்குடி மருத்துவமனை ஒன்றில் கெசியா என்னும் எட்டு வயதுச் சிறுமி, தன் தந்தை வந்து சேராமல் அறுவை அரங்கினுள் வரமாட்டேன் என்று கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். இதயத்தில் துளையுள்ள பிள்ளை அழுது துடிக்கும்போது மயக்க மருந்து கொடுக்க இயலாது என்று மருத்துவர் அறுவையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். வருவதாகத் தந்தை வாக்களித்தார் என்பது தாயின் கூற்று. அப்படியொரு வாக்கைத் தாம் கொடுக்கவேயில்லை என்பது தந்தையின் கூற்று. இருவரும் பொய் சொல்லவில்லை. குறை இதுதான்: ஒரு மனிதரின் பெயரில், அவரல்லாத ஒன்று, ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுத்தது, அதைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

தந்தையின் பெயர் ஞானதிரவியம். ஊர்திக் காப்பீட்டுக் குழுமம் ஒன்றில் இழப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்ப்பவர். ஒரே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர், கிண்டி, சிறுசேரி என மூன்று அலுவலகங்களுக்கும் வாரந்தோறும் முறைவைத்துச் செல்வார். மனைவி சாராள் மகளுடன் தூத்துக்குடிக்குச் சென்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. பெரிய சண்டை என்று எதுவுமில்லை. வருகிறேன் என்று சொல்லி அவர் வராமற்போன பிறந்தநாள்களும் மருத்துவரிடம் செல்லும் நாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

“வாரேன் வாரேன்னு சொல்லுதது ஒங்களுக்கு ஒரு வியாதி” என்று சாராள் கடைசியாக நேரில் பேசியபோது சொன்னாள். “கெசியாளுக்கு ஆபரேஷன் தேதி குடுப்பாவ. அன்னைக்கு வந்து நில்லுங்க. அதுக்கும் வரலைன்னா இனிமே வராண்டாம். நான் சண்டை போட மாட்டேன். கதவத் தொறக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

அவர் தலையசைத்தார். அந்தத் தேதிக்காகத்தான் அவர் காத்திருந்தார். விடுப்பைக்கூடச் சேர்த்து வைத்திருந்தார்.

மனிதர்களுக்குத் தொலைபேசி எண் இருந்த காலம் அப்போது முடிந்திருந்தது. பெயரைச் சொல்லித்தான் ஒருவரை அழைத்தார்கள். ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்தவுடன் அது, தான் நம்பும் பெயர்வழங்கியிடம் ‘இன்னார் இங்கே இருக்கிறார்’ என்று பதிந்துகொள்ளும். அவரை அழைப்பவருக்கு அந்தப் பெயர்வழங்கிதான் வழிகாட்டும். அவர் பிறரை அழைத்தாலும் அதுவே வழிகாட்டும். கைப்பேசியும் கைக்கடிகாரமும் மடிக்கணினிக்கு அருகில் இருக்கும்வரை அது சொன்னபடி கேட்டன. அலுவலகத்துக்கு அலுவலகம் பெயர்வழங்கி வேறு. மடிக்கணினி எங்கே போகிறதோ அங்குள்ள பெயர்வழங்கியைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும். ஊழியர்கள் இதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

ஜூலைத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, அம்பத்தூரில் கோப்புகள் திறக்கவில்லை. கணினிப் பிரிவிலிருந்து பூபாலன் என்பவர் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், உங்க லேப்டாப்புக்கு மூணு மாமியார் வூடு. ஒவ்வொரு வூட்லயும் ஒரு சட்டம். இது இங்க வந்து கிண்டி வூட்டுச் சட்டத்தப் பேசினு இருக்குது. அதான் உள்ள வுட மாட்டேங்குது.”

“சரிசெய்ய முடியுமா?”

“டி.என்.எஸ்., அதான் பெயர்வழங்கி, அந்த அமைப்புல ஆட்டோமேட்டிக்னு இருக்கறத எடுத்துட்டு எங்க சர்வர் நம்பரக் கையால போட்டுர்றேன். இனிமே பேரக் கேட்டா எங்க ஆளுதான் வழி சொல்லுவாரு. சாயங்காலம் கெளம்பறப்போ மட்டும் மறக்காம திரும்ப ஆட்டோமேட்டிக்ல போட்டுக்கங்க.”

“மறந்துட்டா?”

“வெடிக்கவா போவுது? நம்ம கம்பெனி லேப்டாப், எங்க இருந்தாலும் அம்பத்தூர எட்டிப் புடிச்சுக்கும். நீங்க ஊர் ஊராச் சுத்தினாலும் இங்கயே குந்தினு இருக்கறதா நெனச்சுக்கும். அவ்ளோதான்.”

பூபாலன் எழுந்து சென்றதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘ஊழியர் நலன் கருதிக் கவனக்குலைவுத் தவிர்ப்பு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. தொடர்ந்து பயன்படுத்துவது இசைவாகக் கொள்ளப்படும்.’ இரண்டே வாக்கியங்கள். ஏற்பாட்டைச் செய்தவர் யார், இசைவாகக் கொள்பவர் யார் என்று இரண்டிலும் இல்லை. செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுபவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவர்களைக் கேள்வி கேட்க முடியாது. ஞானதிரவியம் கேட்கவும் இல்லை. ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினார்.

நண்பகலில் அம்பத்தூர் ஊழியர்கள் கூட்டமாக எழுந்து, சாலையைக் கடந்து, எதிரிலிருந்த தேநீர்க் கடைக்குச் சென்றார்கள். வெயிலானாலும் மழையானாலும் அந்த வழக்கம் மாறுவதில்லை. ஒவ்வொருவரும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள். ஒழுங்கற்ற அலுவலகம் என்று அவர் எண்ணினார். தம் இருக்கையிலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மடிக்கணினியில் சாராளை அழைத்தார்.

“கெசியா நல்லா இருக்கா” என்றாள் சாராள். “டாக்டர் இப்ப அவசரமில்லன்னு சொல்லிட்டாரு. நீங்க சாப்ட்டீங்களா?”

அவர் கைச்சோறு கையிலேயே நின்றது. சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

“நல்லா சாப்பிடுங்க. இங்க ஒண்ணும் நெனைக்காதீங்க.”

மாலையில் அவர் அமைப்பை மாற்ற மறந்தார். அது உண்மையான மறதி. புதன்கிழமை சிறுசேரியில் நினைவு வந்தது. அமைப்புகளைத் திறந்தார். ‘தானியங்கி’, ‘நிலையானது’ என இரண்டு வட்டங்கள். இரண்டாவதில் புள்ளி இருந்தது, அதன்கீழ் பூபாலன் இட்ட எண். முதல் வட்டத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுசென்று வைத்தார். அந்நேரம் சாராளே அழைத்தாள்.

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? தலைவலியா? ஒரு காப்பி குடிச்சிட்டு வேலையப் பாருங்க” என்றாள்.

அவர் அமைப்புகளை மூடினார். எதையும் முடிவுசெய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. அது பிறகு செய்யலாம் என்று வைத்த வேலை. அதன்பின் அதைச் செய்யவில்லை.

ஆறு வாரங்கள் அப்படியே சென்றன. அவர் கோப்புகளைச் சரிபார்த்தார். நசுங்கிய கதவுகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பிற்பகலில் கை தளரும்போதெல்லாம் சாராள் அழைத்தாள். ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. கெசியா எங்கே என்று கேட்டால் விளையாடுகிறாள் என்றாள், அல்லது தூங்குகிறாள் என்றாள். பிள்ளையைப் பேசச் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஓரிருமுறை தோன்றியது. கேட்டால் ஏதோ கலைந்துவிடும்போல இருந்தது. மகிழ்ச்சி என்றும் அதைச் சொல்வதற்கில்லை. மரத்துப்போன காலில் வலி தெரியாததுபோல ஒரு நிலை. வலி இல்லை என்பது மட்டும் அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவர் கிண்டியில் இருந்தார். காலையில் மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் தொடங்கியது. கையால் இட்ட அமைப்புகள் அனைத்தும் அழிந்து, தானியங்கி நிலைக்குத் திரும்பின. அவர் கடவுச்சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் அழைப்பு வந்தது.

“எங்க இருக்கீங்க?” என்று கேட்டாள் சாராள். குரல் வேறாக இருந்தது. பழைய குரல்.

“கிண்டியில. ஏன்?”

எதிர்முனையில் ஒரு கட்டில் கிரீச்சிட்டது. யாரோ ஒரு பிள்ளை விம்மிக்கொண்டிருந்தது.

“கிண்டியிலயா?”

“ஆமா. ஆபீஸ்லதான். என்ன சத்தம் அது?”

“கோவில்பட்டியைத் தாண்டிட்டேன்னு சொன்னீங்களே” என்றாள் சாராள். “காலைல. ரயில் சத்தம்கூட கேட்டுச்சு. கெசியாட்ட நீங்கதான சொன்னீங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல அப்பா வந்துருவேன், வந்து கையப் பிடிச்சிக்கிடுதேன்னு. அவ கம்பியப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கா. டாக்டர் திட்டிட்டுப் போயிட்டாரு. நாளைக்கு வச்சிருக்காங்க.”

“என்ன நாளைக்கு?”



“நல்லது” என்றாள். அழைப்பு நின்றது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். திரையில், பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிய மகிழுந்து ஒன்றின் படம் இருந்தது. இழப்பீட்டுத் தொகையை எழுதவேண்டிய கட்டத்தில் இருந்தார். எழுதி முடித்தார். பிறகுதான் எழுந்தார்.

தூத்துக்குடி செல்லும் மாலை வண்டிக்கு நேரமிருந்ததால் அம்பத்தூர் சென்றார். பூபாலன் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த கண்ணாடிக் குவளையை மேசைமேல் வைத்தார்.

“சார், அது பதிலாள். எங்க ஆபீஸ்ல மட்டும்தான் இருக்குது, சோதனைக்குன்னு. வேல நேரத்துல வூட்லருந்து கூப்ட்டா உங்க பேர்ல அது எடுக்கும். நீங்க வூட்டக் கூப்ட்டாலும் அவங்க பேர்ல அதுதான் எடுக்கும். ரெண்டு பக்கமும் பழைய பேச்ச வெச்சுக் கத்துக்கும்.”

“என் மனைவியைப் போல?”

“குரல், மொகம், எல்லாம். நீங்க டல்லா இருந்தா தானாவே கூப்புடும்.”

“அது பொய் சொல்லுமா?”

“பொய்யின்னு சொல்லக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொல்லிக்கிறாங்க சார். ‘ஆறுதல் பதில்’னு சொல்லணுமாம்.” பூபாலன் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். “எதிர்ல இருக்கறவங்க எதக் கேட்டா அடங்குவாங்களோ அதச் சொல்லும். ரயில்ல வந்துனு இருக்கேன்னா அவங்க அடங்குவாங்க. சொல்லிச்சு.”

“போய்ச் சேரலன்னா?”

“அது அப்பறம் வர்ற விஷயம் சார். அதுக்கு அந்த ஒரு ஃபோன் கால் மட்டும்தான் தெரியும்.”

“வேலை நேரத்துக்கு மட்டும்தானே அனுமதி?”

“நீங்க ஆபீஸ்ல இருக்கற வரைக்கும் சார். நீங்கதான் ஆறு வாரமா ஆபீஸ வுட்டே போலயே.”

சாலையைக் கடந்து நான்கைந்து பேர் கைப்பேசியுடன் வந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு, “சரிம்மா, சரிம்மா” என்றார். அந்த வழக்கத்தின் பொருள் இப்போது ஞானதிரவியத்துக்கு விளங்கியது. இந்த அலுவலகத்தில் உண்மையான வசையைக் கேட்கவேண்டுமானால் சாலையைக் கடக்கவேண்டும்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். திரையில வருமே சார், ஏற்பாடு செய்யப்பட்டுள்ளதுன்னு.”

“யார் செய்தது?”

“செய்யப்பட்டுள்ளது சார்” என்றார் பூபாலன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மொத நாள் மறக்கறது சகஜம். நானே மறந்துருக்கேன். ஆறு வாரமாவா சார் மறந்தீங்க?”

ஞானதிரவியம் பையைத் தோளில் மாட்டினார். தேநீருக்குக் காசு கொடுக்கப் போனார்; அவர் தேநீர் குடிக்கவேயில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

மறுநாள் காலை வண்டி கோவில்பட்டியில் நின்று புறப்பட்டது. மஞ்சள் பலகையில் ஊரின் பெயரைப் பார்த்தார். அழைத்துச் சொல்லவேண்டும் என்று கை கைப்பேசியை எடுத்தது. அந்த வாக்கியம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது என்று நினைவு வந்ததும் பையில் வைத்துவிட்டார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சாராள் நின்றுகொண்டிருந்தாள். அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

“நெசமாவே வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்.”

“உள்ள போங்க. கொஞ்ச நேரத்துல கூட்டிட்டுப் போயிருவாவ. அழ விடாதீங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சா இன்னைக்கும் இல்லன்னுருவாங்க.”

கெசியா பச்சை அங்கியில், எதிர்பார்த்ததைவிடச் சிறியவளாக, தலையணையில் சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர் கட்டிலருகே அமர்ந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

“அப்பா, சங்கு கெடச்சிட்டா?”

“எந்தச் சங்கு?”

“கதையில வந்த இழுவைப் படகோட சங்கு!” என்றாள். “ஊத முடியாம ஒவ்வொரு கப்பலாப் போயிக் கேட்டுச்சே.”

“ஆமா, கெடச்சிட்டு” என்றார். “அந்தப் பெரிய கப்பல்ல இருந்துச்சு.”

கெசியாவின் கை அவர் கைக்குள் அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல விலகியது.

“அது திமிங்கலத்து வயித்துல இருக்கு. நீங்கதான சொன்னீங்க. ஆபரேஷன் அன்னைக்கு எடுத்துத் தாரேன்னு சொன்னீங்க.”

அவர் வாயைத் திறந்தார். திமிங்கலத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தில் இருந்த கருவி விரைவாக ஒலிக்கத் தொடங்கியது. செவிலி உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன சார், பேசிச் சிரிக்க வப்பீங்கன்னு பாத்தா!” என்றாள்.

அவர் வெளியே வந்து சாராளிடம் எல்லாவற்றையும் சொன்னார். எண்ணைச் சொன்னார், அம்பத்தூரைச் சொன்னார், பதிலாளைச் சொன்னார். சாராள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“அப்ப இந்த ஆறு வாரமும் நான் யார்ட்டப் பேசினேன்?”

“நீ என்னைக் கூப்பிட்டு, சாப்ட்டீங்களான்னு கேக்கலயா?”

“நான் எதுக்குக் கேக்கேன்?”

அவருக்குச் சிரிப்பு வரும்போல இருந்து வரவில்லை.

“ராத்திரி ராத்திரி கதை சொன்னது?” என்றாள்.

“நான் இல்ல.”

“மன்னிச்சுக்கோன்னு ஒருநாள் அழுதீங்களே. தப்பு எம்மேலதான்னு.”

“அதுவும் நான் இல்ல.”

“அதான் பாத்தேன்” என்றாள் சாராள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகத்தில் துடைப்பதற்கு எதுவுமில்லை. உள்ளே கருவி இன்னும் விரைவாக ஒலித்தது. செவிலி மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுச் சென்றாள்.

“அந்த ஆள மறுபடியும் வரவைக்க முடியுமா?” என்று கேட்டாள் சாராள்.

“யாரை?”

“கத சொல்லுத ஆள. உங்களுக்குத்தான் முடிவு தெரியலையே.”

“சாராள், அது நான் இல்ல. நான் இங்க வந்து நிக்கேன்.”

“வந்து நிக்கியதுக்குச் சந்தோசம். இன்னைக்குப் பிள்ள சிரிச்சிக்கிட்டு உள்ள போகணும். உங்களால முடியுமா, சொல்லுங்க. முடிஞ்சா நான் கேக்கல.”

தாழ்வாரத்து இருக்கையில் அமர்ந்து அவர் மடிக்கணினியை மடிமேல் வைத்தார். மருத்துவமனையின் வலையமைப்பில் இணைந்தார். அமைப்புகளைத் திறந்தார். ‘தானியங்கி’யிலிருந்த புள்ளியை ‘நிலையானது’ என்பதற்கு மாற்றினார். எண் கேட்டது. எங்கேயும் குறித்து வைக்கவில்லை. ஆனால் சிறுசேரியில் பார்த்த எண் மறக்கவில்லை. இட்டார். ஞானதிரவியம் இப்போது அம்பத்தூரில் இருந்தார்.

சாராள் கைப்பேசியுடன் உள்ளே சென்று அவர் பெயரைச் சொல்லி அழைத்தாள். கதவின் இடுக்கு வழியே அவருடைய குரல் கேட்டது.

“அப்பா, நீங்க வெளியதான் இருக்கீங்களா?” என்றாள் கெசியா.

“ஆமா கண்ணு, பக்கத்துலதான் இருக்கேன்” என்றது குரல். அம்பத்தூரிலிருந்த பதிலாளுக்கு அது தெரிய வழியில்லை. கேட்பவர் அடங்கும் பதில் என்பதால் சொன்னது. உண்மையாகவும் இருந்தது. “எங்க விட்டோம்? திமிங்கலம் வாயத் தொறக்க மாட்டேன்னுச்சா? அப்ப அந்த இழுவைப் படகு என்ன பண்ணுச்சு தெரியுமா, அது மூக்குப் பக்கத்துல போயி, நல்ல கருவாட்டு மூட்டையப் பிரிச்சு வச்சிச்சு…”

திமிங்கலத்துக்குத் தும்மல் வந்திருக்கவேண்டும். கெசியா சிரித்தாள். திமிங்கலம் தும்மும் ஓசையை அவருடைய குரல் எழுப்பியது. தம் தொண்டையிலிருந்து அப்படியோர் ஓசை வரக்கூடும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. கருவியின் ஒலி சீரானது.

மடிக்கணினி உறங்கிவிட்டால் பதிவு அழிந்துவிடுமோ என்று அவருக்கு அச்சம். ஆகவே விரலைப் பலகையின்மேல் வைத்து மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தார். தள்ளுகட்டில் வெளியே வந்தது. கெசியா கைப்பேசியைக் காதோடு அணைத்தபடி, இருக்கையில் இருந்தவரைப் பார்த்து இலேசாகக் கையசைத்துவிட்டு, கதையைக் கேட்டுக்கொண்டே அரங்கினுள் சென்றாள். வாயிலில் செவிலி கைப்பேசியை வாங்கிச் சாராளிடம் கொடுத்தாள்.

சாராள் திரும்பி வந்து எதிர் இருக்கையில் அமர்ந்தாள். இருவருக்கும் நடுவே அகலமில்லாத நடைவழி.  அவர் விரலை எடுக்க மறந்திருந்தார்.

அரங்கின் கதவு திறந்து, எல்லாம் நன்றாக முடிந்தது என்று மருத்துவர் சொல்லிவிட்டுச் சென்றார். சாராள் கண்களை மூடிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல எழுந்தார். மடிக்கணினி ஒலித்தது. திரையில் சாராள் என்ற பெயர் தெரிந்தது.

எதிரே சாராள் கண்திறந்து அதைப் பார்த்தாள். அவள் கைப்பேசி மடிமேல் அணைந்துகிடந்தது.

அவர் எடுத்தார்.

“கெசியா நல்லா இருக்கா” என்றது மடிக்கணினியிலிருந்த சாராளின் குரல். “இங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. நீங்க சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்னு சொல்லுங்க” என்றாள் எதிரே இருந்தவள். “பாவம், கேக்குதுல்லா.”

அவர் அப்படியே சொன்னார். அழைப்பைத் துண்டிக்கவில்லை. எதிரே இருந்தவள் எழுந்து, மகளைப் பார்க்க உள்ளே போனாள்.

வாசகரே, இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் உங்கள் மடிக்கணினியைத் திறவுங்கள். அமைப்புகளுக்குச் சென்று, பெயர்வழங்கி என்னும் வரியில் நிற்கும் எண் எது, அதை அங்கே இட்டவர் யார் என்று பாருங்கள். இட்டவர் பெயர் தெரியாவிடில் அந்த எண்ணை இப்போதே அழியுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடாதீர்கள். அழித்ததும் உங்கள் வீட்டாரை அழையுங்கள். அவர் உங்களைக் கடிந்து பேசினால், வைத்துவிடாமல் கடைசிவரை கேளுங்கள்.